என் முதுகுக்கு ஒன்றுமில்லை

பேகம்பூர், திண்டுக்கல்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரிஃபாத் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே அத்தா, அம்மா, கீழ்வீட்டு மெஹராஜ் மாமி மூவரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. ஆனால் நீ கேள்விப்பட்ட விதத்தில் இல்லை. போனில் பேசினால் அம்மா "ஸ்பீக்கர்ல போடு" என்பாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மாமியார் உனக்கு முன்னால் படித்துவிடுவார். அதனால்தான் இந்தக் காலத்திலும் ஒருத்தி தபால் தலை வாங்கிக் கடிதம் எழுதுகிறாள்.

விஷயம் இதுதான். எனக்கு முதுகுவலி கிடையாது. மனச்சோர்வு. எழுந்து பல் துலக்குவதே மலையேறுகிற வேலையாக இருந்தது. எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகி ரயிலை விட்டு இறங்கவே இல்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தார்; கூடவே யோகாவும் செய், இரண்டும் சேர்ந்தால் நல்லது என்று நாகஜோதி என்கிற ஆசிரியையிடம் அனுப்பினார். அங்கே கற்றதை வீட்டிலும் செய்ய ஒரு விரிப்பு வாங்கி வந்தேன். அம்மா, "எதுக்குடி இது?" என்றாள். மனசுக்கு என்று வாய் வரை வந்தது. "முதுகுவலிக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லால்தான் இத்தனை பக்கம்.

மறுநாள் விடியும்போதே ஆட்டுக்கால் சூப் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் செய்ய வேண்டிய ஆசனத்தை ஒரு சொம்பு சூப்போடு செய்தால் என்ன ஆகும் என்று எந்த நூலிலும் எழுதவில்லை. குனிந்தால் ஆடு திரும்பி வருகிறது. அதற்குள் மெஹராஜ் மாமிக்குச் செய்தி போய், "எனக்குந்தான்டி முதுகு விட்டுப்போவுது, நானும் வாரேன்" என்று மாடி ஏறி வந்துவிட்டார். மூச்சை மெல்ல வெளியே விடுங்கள் மாமி என்றேன். விட்டார். செத்த நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, "ஏண்டி, விடச் சொன்னியே, திரும்ப வாங்கச் சொல்லவே மாட்டியா?" என்றார். சரி, கண்ணை மூடி எதையும் நினைக்காமல் இருங்கள் என்றால், "அது எப்பிடி? அடுப்புல பருப்பு கெடக்குல்ல. நான் நெனைக்கலன்னா அத யாரு நெனைப்பா?" இதற்கிடையில் என் விரிப்பு வழுக்காது, உதறினால் சுத்தமாகிவிடும் என்று கண்டுகொண்ட அம்மா அதில் மிளகாய் காயப்போட்டு, அள்ளிவிட்டு உதறி வைத்திருக்கிறாள். அது தெரியாமல் நான் மண்டியிட்டு, குழந்தை மாதிரி சுருண்டு, முகத்தை அதிலேயே பதித்துக் கிடந்தேன். எழுந்தபோது கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். மாமி அலற, அம்மா ஓடி வந்து, "இம்புட்டு வலிய வச்சுக்கிட்டா இருந்த!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். "அம்மா, மிளகாய்" என்றேன். "வலியில புள்ள ஒளறுது" என்றார் மாமி.

அன்று மாலையே சாணார்பட்டியிலிருந்து சுளுக்கு நீவிவிடும் சண்முகவள்ளி ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் குப்புறப் படுக்க வைத்து, நடுமுதுகில் முழங்காலை ஊன்றி, "தாயி, மூச்ச இழுத்துப் புடி" என்றார். உள்ளே ஏதோ டக்கென்றது. "அம்புட்டுத்தான், எடுத்தாச்சு" என்றார். உண்மையில் அப்போதுதான் வைத்தார்.

ஆக, இல்லாத முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்ததில் இப்போது அசல் முதுகுவலி. யோகா நின்றுபோய்விட்டது. சிரிக்காதே, அக்கா. அந்த அரை மணி நேரம் எனக்கு உண்மையிலேயே உதவிக்கொண்டிருந்தது. மூச்சைக் கவனிக்கிற நேரத்தில் மனம் கொஞ்சம் கீழே உட்கார்ந்தது. கதாநாயகியும் ரயிலை விட்டு இறங்கி, வீடு போய்ச் சேர்ந்து, மாமியாரோடு சண்டை போடவே ஆரம்பித்துவிட்டாள். இப்போது மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறேன், ஆனாலும் காலையில் படுக்கை மறுபடி என்னைப் பிடித்து இழுக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் இனி மறைக்க முடியாது. சொல்லவும் வாய் வரவில்லை. "நாங்க உனக்கு என்ன கொற வச்சோம்?" என்று கேட்பாளே. ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் சிக்கல். நீ மூத்தவள், நீ சொன்னால் கேட்பாள். எனக்காகப் போன் போட்டுப் பக்குவமாகச் சொல்லிவிடு.

மச்சானுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். உன் மாமியார் கேட்டால், என் முதுகு நல்லபடியாக இருப்பதாகச் சொல்.

உன் துஆவை வேண்டும் தங்கை,
சபிஹா

பி.கு.: அம்மாவுக்குப் போன் போடாதே. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அக்காவுக்கா? மனசு சரியில்லன்னு எழுதிட்டியா, இல்ல அவகிட்டயும் முதுகுதானா?" என்று கேட்டாள். என் கையிலிருந்த உறை கீழே விழுந்துவிட்டது. எப்படித் தெரியும் என்றேன். "அன்னைக்குச் சால்னாவுல உப்புப் போட மறந்துட்டேன். வீடே கத்துச்சு. நீ மட்டும் ஒரு வார்த்த பேசாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போன. அது முதுகுவலிக்காரி திங்கிற சோறா? அப்பறந்தான் ஒன் டாக்டர் சீட்டப் பாத்தேன். வர்ற வியாழக்கெழம நானும் வாரேன்." பிறகு எதற்கு அந்தச் சூப்பும் சண்முகவள்ளியும் என்று கேட்டேன். "நீ முதுகத்தான காட்டுன? மத்தத நீயாக் காட்டுற வரைக்கும் நான் முதுகுக்குத்தான் பாக்க முடியும்" என்று சொல்லிவிட்டு, என்னால் குனிய முடியாதென்று, உறையைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.