கேமரா என்ன ஆம்பளையா?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நான் படம் பிடித்த கல்யாணங்களில், தாலி கட்டியதை மண்டபத்தில் இருந்தவர்கள் யாரும் பார்த்ததே இல்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் என் முதுகைத்தான். கடைத்தெருவில் நான் எதிரே வந்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. திரும்பி நடந்தால் மட்டும், "ஏ, நம்ம வீடியோக்காரர்லா!" என்று கூப்பிடுவார்கள்.

இப்போது என் விசிட்டிங் கார்டில் 'அறிவியல், கல்விப் படப்பிடிப்பு' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் மழையை அளந்ததை எடுத்தேன். கரிசல் மண்ணைப் பரிசோதிப்பதை எடுத்தேன். இந்த வேலையெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்களிடம், "எல்லாம் உழைப்புதான்" என்பேன். (தயவுசெய்து என் வீட்டில் மட்டும் விசாரிக்காதீர்கள்.)

அது ஓர் ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது, ஆகவே எனக்கு வேலையும் கிடையாது. என் மாமனாருக்குக் கரிவலம்வந்தநல்லூரில் விதையும் மாட்டுத்தீவனமும் விற்கிற கடை. கல்லாவில் உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தவருக்கு, சும்மா இருக்கிற மாப்பிள்ளையாக நான் கண்ணில் பட்டுவிட்டேன்.

"மாப்ள, இப்ப கல்யாணத்தை எல்லாப் பயலும் செல்போன்லயே எடுத்துக்கிடுதான். இந்த ஆடிக்குள்ள உருப்படியா ஒரு வேலை பிடிங்க. இல்லேன்னா ஆவணி பிறக்கவும் கடைக்கு வந்திருங்க."

எனக்குப் புண்ணாக்கு வாசனை ஆகாது. தும்ம ஆரம்பித்தால் நிற்காது. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆயுள் முழுக்கத் தும்மிக்கொண்டிருக்கும் என்னை நானே மனக்கண்ணில் பார்த்துப் பயந்துபோயிருந்த நேரத்தில்தான் செல்வி மேடம் போன் செய்தார். அவர் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாடப் படங்கள் தயாரிக்கிறாராம். வெளிச்சத்தில் செடி எப்படி முளைக்கிறது என்பதைக் கல்லூரியிலேயே எடுத்துக்கொள்வார்கள். இருட்டில் எப்படி முளைக்கிறது என்பதை நான் எடுக்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒரு படமாகக் கேமரா தானே எடுத்துக்கொண்டிருக்கும். பிறகு சேர்த்து ஓட்டினால் செடி கண்முன்னே வளரும்.

"இது நல்லா வந்துச்சுன்னா மிச்சப் பாடம் பூராவும் உங்களுக்குத்தான் தம்பி. ஆனா இருட்டு முக்கியம், பாத்துக்கிடுங்க" என்றார்.

"சரிங்க மேடம்" என்றேன். கல்யாண வீட்டில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் "சரிங்க" சொல்லிவிட்டு என் போக்கில் எடுப்பதுதான் என் தொழில் ரகசியம்.

பின்கட்டு அறை ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டினேன். பிளாஸ்டிக் தட்டில் விதைத்தால் படத்தில் எடுபடாது என்று தோன்றியது. பஜாரில் அழகழகாக மண்சட்டிகள் குவித்து வைத்திருந்தார்கள். வாங்கினேன். மண், ஆட்டு எரு, வைக்கோல் போட்டுத் தட்டப்பயறும் பாசிப்பயறும் தூவினேன். எதிரே கேமராவை நிறுத்தி, பக்கத்தில் என் கல்யாண வீடியோ லைட்டை முழு வெளிச்சத்தில் போட்டுவிட்டேன். பின்னே, இருட்டில் வளர்வதை இருட்டிலா எடுக்க முடியும்? (இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு மகா புத்திசாலித்தனமாகத் தோன்றியது.)

அம்மாவையும் மனைவி கோமதியையும் கூப்பிட்டுச் சட்டம் போட்டேன்.

"இந்த ரூமுக்குள்ள கண்டவங்க போகக்கூடாது. செருப்போட போகவே கூடாது. சாயங்காலம் ஒரு தடவ, வாடாம தண்ணி மட்டும் தெளிங்க."

"என்னத்துக்குங்க இது?" என்றாள் கோமதி.

"சயின்ஸ். சொன்னா உங்களுக்குப் புரியாது."

கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அப்போதே அர்த்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இன்னொரு கேமராவைத் தூக்கிக்கொண்டு கடையநல்லூருக்கு பஸ் ஏறிவிட்டேன். நமக்குத்தான் ஆடி. அங்கே துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு நிக்காஹ். விருந்து, மறுவிருந்து என்று ஒரு வாரம் நீண்டது. நடுவில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"யம்மா, அந்த ரூமு நான் சொன்ன மாதிரி இருக்குல்லா?"

"அதெல்லாம் சுத்தபத்தமா பாத்துக்கிடுதோம் மக்கா. நீ அங்கன கறி கிறி தின்னுறாத, என்ன?"

அம்மாவுக்கு என் வயிற்றின் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்தபடி, கையிலிருந்த பிரியாணியைத் தொடர்ந்தேன்.

ஊர் திரும்பிய சாயங்காலம், தெருமுனையிலேயே கும்மிச் சத்தம் கேட்டது. கோயிலில் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். நடக்க நடக்கச் சத்தம் என் வீட்டை நோக்கியே போயிற்று. வாசலில் மலைபோல் செருப்புகள். பின்கட்டு அறையை நெருங்கினால், உள்ளேயிருந்து காது அடைக்கிற குலவை. கதவைத் தள்ளினேன். அம்மா பாதிக் கதவில் நின்று மறித்தார்.

"ஏலே, நில்லு! முளைப்பாரி வளருத எடத்துல ஆம்பள நெழலு படக்கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஜாரில் குவித்து வைத்திருந்த சட்டிகள் முளைப்பாரிச் சட்டிகள். ஆடியில், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காகப் பெண்கள் இருட்டறையில் பயறு முளைக்கவைத்து, தினமும் சுற்றிவந்து கும்மியடிப்பார்கள். செருப்பு கூடாது, கண்டவர்கள் வரக்கூடாது என்று நான் போட்ட சட்டம் எல்லாம் அம்மனின் சட்டம். கோயில் பக்கமே போகாத மகன் வாயைத் திறக்காமல் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறான் என்று அம்மா உருகிப்போயிருக்கிறார். அந்த உருக்கத்தில் தெருவின் முளைப்பாரிச் சட்டிகளையும் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அழைப்பு விடுத்துவிட்டார்.

"யம்மா! உள்ள என் கேமரா இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். கேமரா என்ன ஆம்பளையா?"

கோமதியைத் தேடினேன். கும்மி வட்டத்திலிருந்து முகம் நீட்டி, "நீங்கதான் சொன்னா எங்களுக்குப் புரியாதுன்னீங்களே" என்று சொல்லிவிட்டு மறுபடி வட்டத்துக்குள் போய்விட்டாள்.

சோதனை தனியாக வருவதில்லை. எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று பார்க்க செல்வி மேடம் வந்து இறங்கினார். முளைப்பாரி என்று கேள்விப்பட்டு மாமனாரும் வந்து சேர்ந்தார். மேடம் பெண் என்பதால் தாராளமாக உள்ளே அழைத்துப் போனார்கள். நானும் மாமனாரும் வெளியே நின்றோம். அவர் மேல் வந்த புண்ணாக்கு வாசனைக்கு எனக்கு இரண்டு தும்மல் வந்தது. பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மேடம் நெற்றி நிறையக் குங்குமத்துடன், கையில் என் கேமராவுடன் வந்தார். "போட்டுப் பாப்போமா தம்பி?"

கூடத்து டிவியில் இணைத்தேன். கும்மியடித்தவர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் பளீரென்று சட்டிகள்.

"லைட்டையா போட்டு வச்சீங்க? இருட்டுல வளருறத எடுக்கச் சொன்னேன். இது மணமேடை மாதிரில்லா இருக்கு" என்றார் மேடம். சொல்லும்போதே திரை கறுத்தது. கறுப்பு. மேலும் கறுப்பு.

"டிவி ரிப்பேரா மாப்ள?" என்றார் மாமனார்.

"நான்தான் லைட்ட அணைச்சேன். முளைப்பாரிக்கு வெளிச்சம் ஆகுமா? படம் எடுக்கவன் மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

என் உயிரில் பாதி போயிற்று. அப்போது திரையில் சின்ன வெளிச்சம் வந்தது. ஓரிரு நாள் கழித்துச் சாயங்காலக் கும்மிக்கு ஏற்றிய விளக்கு. சட்டியில் முளை வெளியே எட்டிப்பார்த்தது. சுற்றிலும் சேலைக்கரைகள் பறந்தன. மறுபடி கறுப்பு. மறுநாள் விளக்கு: முளை நீண்டிருந்தது. கறுப்பு. விளக்கு: இன்னும் நெடுநெடுவென்று, வெளிறிய மஞ்சளாக. ஒவ்வொரு கும்மிக்கும் செடி ஒரு படி உயர்ந்துகொண்டே போனது. வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் 'ஆட்டோ மோடி'லேயே கேமராவைப் பரபரப்பில் விட்டுப் போயிருந்தேன். அந்தத் தப்புதான் விளக்கு வெளிச்சத்துக்கும் படம் பிடித்திருக்கிறது.

மேடம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நீங்க போட்ட லைட்டு எரிஞ்சிருந்தா இது குட்டையா, பச்சையால்லா வந்திருக்கும். எனக்கு வேண்டியது இதுதான். பிள்ளைக கண்ணெடுக்காம பாக்கும்."

மாமனார் இது எதையும் கேட்கவில்லை. "ஏ, நம்ம கோமதி ஆடுதா பாருங்க! இன்னொரு தடவ போடுங்க மாப்ள." மூன்று தடவை போட்டேன். மூன்றாம் தடவையில் அவர் கைதட்டித் தாளமும் போட்டார். ஆவணி பிறந்தது. கடைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. இப்போது என் படங்களுக்கு விதை உபயம் அவர்தான். வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்ள சயின்டிஸ்டு" என்று வேறு சொல்லி அனுப்புகிறார்.

படம் பள்ளிகளுக்குப் போயிற்று. மிச்சப் பாடங்களும் என்னிடம் வந்தன. அந்தப் படத்தின் கடைசியில், 'ஒளிப்பதிவு' என்று என் பெயர் வரும். அதற்குக் கீழே மேடமே சேர்த்த ஒரு வரி: 'இருட்டு: செண்பகம்.' அது என் அம்மா.

போன மாதம் ஒரு பள்ளியில் பிள்ளைகள் நட்சத்திரம் பார்ப்பதைப் படம் எடுக்கக் கிளம்பினேன். கோமதி என் பையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"அத்தை, நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. இவுக லைட்ட எடுத்து வச்சிருக்காக."

உண்மைதான். எடுத்து வைத்திருந்தேன்.