எருக்கலம்பிட்டிப் பவ்ஸான் விண்டோஸை வென்ற படலம்

வாழ்க பவ்ஸான்! கழுதைகள் அரசகுமாரரைப்போல் நெடுந்தெரு நடுவே நின்று வாகனங்களுக்கு வழிமறுக்கும் தீவில், கதவின் கீலையும் கணினியின் ஆணியையும் ஒரே பசியோடு தின்னும் உப்புக்காற்றின் நாட்டில், எருக்கலம்பிட்டி என்னும் ஊரில் தோன்றி, உயர்தரப் பரீட்சையை இருமுறை எதிர்கொண்டு இருமுறையும் உயிரோடு திரும்பிய பெருமகன் வாழ்க! அப்பியாசக் கொப்பியைக் கேடயமாகவும் நீலப் பேனையை வேலாகவும் தாங்கி, நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்து, குறித்தது சரிதானா என்று ஐயுற்று, அந்த ஐயத்தையும் தனிப் பக்கத்தில் எழுதிவைத்த அவன் விரல்கள் வாழ்க! விண்டோஸ் என்னும் பேரரசை வீழ்த்தி லினக்ஸ் என்னும் கொடியை அவன் நாட்டிய வரலாற்றைச் சொல்லப் புகுகிறேன். கேட்போர் கதிரையை இழுத்துப் போட்டு அமர்க.

போருக்கு மூலம் ஒரு திறப்பு, ஒரு கதவுப் பூட்டின் சாவி. மன்னார் நகரில் வார நாட்களில் மாலை ஐந்து மணிக்குக் கூடும் கணினி வகுப்பின் ஆசிரியர் அனோஜன், பதினான்கு கணினிகள் அடங்கிய ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்ள மாணவர் ஒருவரைத் தேடினார். தேர்வுக்கு அவர் வைத்த நிபந்தனையோ வில்லொடிக்கும் போட்டியையும் நாணச் செய்வது. தூரதேசத்து விஞ்ஞானிகள் ஒரு பெருங்கணக்கைப் பல்லாயிரம் துண்டுகளாக்கி, உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்பிவைப்பார்கள். விரும்பியவர் தம் கணினியை இரவல் கொடுத்து, ஒரு துண்டை முடித்துத் திருப்பி அனுப்பலாம். கூலி கிடையாது, நன்றி உண்டு. "இந்தத் துண்டு நாலு நாள் ஓடும்," என்றார் அனோஜன். "இடையில மெஷின் நிண்டா முதல்ல இருந்துதான். மாதக் கடைசிப் புதனுக்குள்ள முடிச்சுக் காட்டுற ஆக்களில ஒராளிட்டத்தான் திறப்பைத் தருவன்."

அந்தத் திறப்பு வெறும் பித்தளையன்று. அதனோடு 'ஆய்வுகூட உதவியாளர்' என்று முத்திரை குத்திய கடிதம் ஒன்றும் வரும். அக்கடிதம் வராவிட்டால், சித்திரை பிறந்ததும் நம் நாயகன் தன் மாமாவின் கருவாட்டுக் கடையில் சாக்குத் தைக்கப் போக வேண்டும் என்று குடும்பம் கூடித் தீர்மானித்திருந்தது. தீர்மானத்தின்போது மாமா ஒரு கோணி ஊசியையும் காட்டினார். ஆகவே உலக விஞ்ஞானத்தின்மீது பவ்ஸானுக்கு அன்று பிறந்த பேரன்பு முற்றிலும் தன்னலமற்றது என்று சொல்ல இயலாது.

முன்னறை மேசையில் வீற்றிருந்த பழங்கணினியை அவன் அந்த ஞாயிறு இரவே பூட்டி எழுப்பினான். அதன் விசிறி, வாடைக்காற்றில் சிக்கிய தகரக் கூரைபோல் இரைந்தது. கணக்கு நூற்றுக்கு ஒரு வீதமானது, இரண்டு வீதமானது, இருபதானது. மறுநாள் வகுப்புக்குப் போய், தோழரோடு தேநீர் அருந்தி, ஏழரைக்கு வீடு திரும்பிய வீரன் கண்ட காட்சியை என்னென்று சொல்வேன்! கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அப்போதுதான் விழித்த குழந்தையின் முகத்தோடு கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது. கணக்கு பூச்சியத்தில் நின்றது.

"தானாகவே நின்று தானாகவே எழும்பியிருக்கிறது. இது விண்டோஸின் வேலை," என்று கொப்பியில் எழுதினான். மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழும்பும்படி முன்னொருநாள் அமைத்து வைத்தவன் தானே என்பது அவன் நினைவுக்கு எட்டவில்லை. அந்தக் குறிப்பு இன்னொரு கொப்பியில் இருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. நம் நாயகன் அஞ்சினானா? அட்டவணை போட்டான். கணினியின் பதிவேட்டைத் தோண்டி மரண நேரங்களை வரிசையாய் எழுதினான்: திங்கள் 6.29, செவ்வாய் 6.29, புதன் 6.30. வியாழன், வெள்ளி மரணமில்லை. சனி 6.31. இவ்வாறு பதினேழு நாள் எழுதினான். (பதினாறாகவும் இருக்கலாம். ஒரு நாளின் மேல் தேநீர் சிந்தியிருக்கிறது.) எழுதியதை நெடுநேரம் நோக்கி, நுண்மாண் நுழைபுலம் கொண்டு, மூன்று முடிவுகளை எட்டினான். பகைவன் பொழுது சாய்ந்ததும் தாக்குகிறான். வியாழனும் வெள்ளியும் இளைப்பாறுகிறான். நாளுக்கு அரை நிமிடம் பிந்தி வருவது, தடயம் தெரியாதிருக்கச் செய்யும் சூழ்ச்சி. 'கணினி எதிர்பாராத விதமாக நின்றது' என்று விண்டோஸே தன் பதிவேட்டில் பரிதாபமாக எழுதி வைத்திருந்ததை, கையும் களவுமாகப் பிடிபட்டவன் சொல்லும் சாட்டு என்று தள்ளிவிட்டான்.

இவ்விடத்தில் ஒரு சிறு உறுத்தலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிலங்குளத்து வயற்காரர் வீட்டுப் பெண்ணான தக்சிகாவும் அதே வகுப்பில் அதே துண்டை ஓட விட்டிருந்தாள். அவளுடைய கணினியிலும் விண்டோஸ்தான். அது நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி, கணக்கை முடித்து, அடுத்த துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டது. இதைப் பவ்ஸான் 'விதிவிலக்கு' என்ற தலைப்பின்கீழ் எழுதி அடிக்கோடிட்டான்.

பிறகு வகுப்பின் நடுவே எழுந்து நின்று, சங்கு முழங்காத குறையாகப் பிரகடனம் செய்தான். "ஞாயிற்றுக்கிழமையோட என்ர மெஷினில விண்டோஸ் இல்ல. லினக்ஸ் போடப்போறன். அது நாலு நாள் என்ன, நாப்பது நாள் நிக்காம ஓடும்."

அவையோர் திரும்பி நோக்க, தக்சிகா மட்டும் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "என்ர விண்டோஸ் ஒன்பது நாளா ஓடுது. உங்கட மெஷினுக்கு உங்களோட ஏதும் கோவமோ தெரியாது."

படையெடுப்புக்கு ஆயுதம் வேண்டும். லினக்ஸை ஏற்றிச் செல்லப் பென்டிரைவ் வேண்டும். அதைத் தர முன்வந்தவள் வகுப்புத் தோழியும் மாதா கோவில் பாடகர் குழுவின் தூணுமாகிய அன்ரோனெற். தரும்போதே சாபமும் சேர்த்துத் தந்தாள். "அதுக்குள்ள பெரிய வெள்ளிக்குப் பாடுற பாட்டெல்லாம் கிடக்கு. அழிஞ்சுதெண்டா நீதான் வெள்ளை உடுப்புப் போட்டு முன்னுக்கு நிண்டு பாடவேணும்." வீரன் நடுங்கி, அந்தப் பாடல்களை மூன்று இடங்களில் படியெடுத்தான். வீட்டுப் புகைப்படங்களை நான்கு இடங்களில் படியெடுத்தான். பின்பு படிகளையெல்லாம் திறந்து பார்த்தான். பின்பு திறந்து பார்த்ததைக் குறித்தான்.

ஞாயிறு காலை, போர். அடடா, அந்தப் போரை எப்படிப் பாடுவேன்! 'வட்டு முழுவதும் அழிக்கப்படும், சம்மதமா?' என்று திரை கேட்டபோது, கடலைத் தாண்டு என்று ஏவப்பட்டவன் கரையில் நின்றதுபோல் நின்றான். இரண்டு தடவை 'பின்செல்' என்பதை அழுத்தினான். ஒருதடவை முற்றத்துக்குப் போய்வந்தான். மூன்றாம் முறை கண்ணை மூடிச் சம்மதித்தான். நீலக் கோடு ஊர்ந்தது. பல்லாண்டு அரசாண்ட விண்டோஸ், தன் குப்பைத் தொட்டியோடும் கோப்புறைகளோடும் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்தது. அவ்வளவு பெரிய கொடுங்கோலன் அவ்வளவு சாதுவாய்ப் போனது நாயகனுக்குச் சற்று ஏமாற்றமாகவும் இருந்தது. பிறகு வைஃபை தெரியாது என்றது லினக்ஸ். கைத்தொலைபேசியை வயரால் கட்டி இணையம் பாய்ச்சினான். ஒலி தெரியாது என்றது. ஒலி எதற்கு, விசிறியே போதும் என்று விட்டான். கட்டளைகளை எழுத்தெழுத்தாய்த் தட்டி, தட்டியதைக் கொப்பியோடு ஒப்பிட்டு, பிற்பகல் மூன்று மணிக்குக் கணக்கை ஓட விட்டபோது திரை புதிய மதிப்பீட்டைக் காட்டியது. விண்டோஸில் தொண்ணூற்றாறு மணி நேரம், லினக்ஸில் தொண்ணூற்றொன்று. வெற்றி, வெற்றி! மைதானத்துக்குப் போய் அன்று இரண்டு கோலும் போட்டான்.

திரும்பி வந்தபோது கணினி கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது.

சொல்லடா கொப்பியே, அவன் அப்போது என்ன எழுதினான்? ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தை வெறுமையாய் விட்டான். திங்களும் செவ்வாயும் புதனும் லினக்ஸும் விண்டோஸைப் போலவே பொழுது சாய மடிந்தது. விண்டோஸின் ஆவி இரும்புக்குள் தங்கியிருக்கிறதோ என்று ஐயுற்றான். தன் கையையே ஐயுற்றான். வகுப்பில் யாரும் கேட்காமலே 'நல்லா ஓடுது' என்றான். கடைசிப் புதனுக்கு ஒரு வாரமே இருந்தது. மாமா வீட்டுக்கு வந்து, ஊசியில் நூல் கோப்பது கண் நல்லாய் இருக்கிற வயதில் பழக வேண்டிய வேலை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே சனிக்கிழமை, மைதானத்தையும் தோழரையும் துறந்து, பகைவனை நேருக்கு நேர் காண்பதென்று சூளுரைத்து, முன்னறை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், சிலந்தி வலைகளை மாலையாக அணிந்து, கொப்பியை மார்போடு அணைத்துப் பதுங்கினான் பவ்ஸான். பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிப் தொழுகையும் அந்த இடுக்கிலேயே ஒருவாறு நிறைவேறியது. மணி 6.42. வாசலில் சிறு செருப்புகளின் ஒலி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பதினொருவர் குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி வந்து பாயில் வரிசையாய் அமர்ந்தார்கள். அவர்களுக்கு வியாழனும் வெள்ளியும் தவிர நாள்தோறும் மஃரிபுக்குப் பிறகு ஓதிக்கொடுப்பவர், ஊரெல்லாம் மதிக்கும் ஸஹ்றா. பவ்ஸானைப் பெற்றவர். அவர் முந்தானையைச் சரிசெய்து, பிள்ளைகளை ஒருமுறை பார்த்து, இரையும் கணினியை ஒருமுறை பார்த்து, சுவரண்டை நடந்து, சுண்டுவிரலால் சுவிச்சை நிப்பாட்டினார்.

பேரிரைச்சல் அடங்கியது. பிள்ளைகளின் குரல் தெளிவாய் எழுந்தது. அலுமாரிக்குப் பின்னாலிருந்து தும்மல் ஒன்றும் எழுந்தது.

"உம்மா," என்றான் தூசியோடு வெளிப்பட்ட வீரன். "இதை ஒவ்வொரு நாளும் நிப்பாட்டுறீங்களா?"

"ஓம் மகன். பேய்க்காத்து மாதிரி இரையுது. புள்ளையள் அலிஃப் எழுத்தைச் சொல்லுதுகளா ஐன் எழுத்தைச் சொல்லுதுகளா எண்டு எனக்கு விளங்குதில்ல. அவங்கள் போனதும் திருப்பிப் போட்டுத்தானே விடுறன். ஒருநாளாவது போட மறந்திருக்கனா?"

மறந்ததில்லை. அதுதான் துயரம். ஒருநாள் மறந்திருந்தாலும் அவனுக்கு விளங்கியிருக்கும். "நீங்க வந்து பாத்தா அது ஓடிக்கொண்டுதானே இருக்கும்," என்றும் அவர் சொன்னார், மகனின் வேலைக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொண்ட நிறைவோடு. பதினொரு பிள்ளைகளும் இந்த வழக்கை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் மிகச் சிறியவள், பவ்ஸான் அலுமாரிக்குப் பின்னால் என்ன செய்தான் என்று பக்கத்தில் இருந்தவனிடம் விசாரித்தாள்.

உடனே தொடங்கியது மாபெரும் இடப்பெயர்வு. கணினி குசினிக்குப் போயிற்று. குசினியில் இருந்த ஒரே பிளக் அதற்குக் கொடுக்கப்பட்டதால் மிக்சி முன்னறைக்கு வந்தது. மாலை ஏழு மணிக்குக் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து புறப்பட்டது. விண்டோஸாய் இருந்திருந்தால் புதன் ஏழு மணிக்கு முடியும், வகுப்புக்குப் பிந்திவிடும். லினக்ஸ் என்பதால் பிற்பகல் இரண்டுக்கு முடியும். அத்தனை நாட் போரில் உண்மையாக விளைந்த பயன் இந்த ஐந்து மணித்தியாலந்தான். இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் லினக்ஸுக்கு அநியாயம் செய்தவனாவேன். நான்கு நாளும் மீன் பொரித்த புகையின் நடுவே, சம்பலின் கண்ணீரின் நடுவே, ஸஹ்றா அந்தப் பெட்டிக்குக் கிட்ட ஒரு கரண்டியும் போகாமல் காத்தார். அயல்வீட்டார் வந்து தொட முயன்றபோது, "அதுல உலகத்துக் கணக்கு ஓடுது," என்று தடுத்தார். புதன் 2.04க்கு நூறு வீதம். கணக்கு கடல் கடந்து போய்ச் சேர்ந்தது.

மாலை வகுப்பில் பவ்ஸான் ஆதாரத்தை நீட்டினான். அனோஜன் படித்துவிட்டு, இவ்வளவு நாளும் ஏன் நின்றது என்று கேட்டார். வகுப்பு முழுதும் திரும்பிப் பார்த்தது. விண்டோஸ் மீது இன்னும் ஒருதரம் பழி போட்டால் போதும், மானம் தப்பும், கடிதமும் வரும். நாயகன் கொப்பியைத் திறந்தான். மரண நேரங்களை ஒருமுறை பார்த்தான். மூடினான்.

"உம்மா நிப்பாட்டினவ, சேர். ஓத வாற பிள்ளையளுக்குச் சத்தமாம்."

"அப்ப விண்டோஸ்?" என்றாள் தக்சிகா.

"அது பாவம். ஒண்டும் செய்யேல்ல."

சிரிப்பு ஓய வெகுநேரமாயிற்று. கணக்கை முடித்தவர் இருவர். ஒருபுறம் ஒரு பிரகடனமும் செய்யாமல் முதலில் முடித்த தக்சிகா. மறுபுறம் குற்றமற்ற பேரரசொன்றைக் கொன்று, ஈன்ற தாயையே பகைவனாகக் கண்டு, அவையறிய உண்மையும் உரைத்த பவ்ஸான். திறமைக்கா, வாய்மைக்கா, விடாமுயற்சிக்கா, எதற்கு முடிசூட்டுவது என்று விஞ்ஞானமே மூச்சையடக்கிக் காத்திருக்க, பதினான்கு கணினிகளும் விசிறியை நிறுத்திச் செவிசாய்க்க, அனோஜன் சட்டைப் பையில் கைவிட்டு, பித்தளை மின்னும் அத்திறப்பை மெல்ல வெளியே எடுத்து, இருவரையும் மாறி மாறி நோக்கி, இறுதியில் திருவாய் மலர்ந்தார்.

தக்சிகாவுக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு என்பதால், நாள்தோறும் பூட்டிவிட்டுப் போகும்படி திறப்பையும் கடிதத்தையும் பவ்ஸானிடம் கொடுத்தார்.