உங்கள் காரின் எஞ்சின் செத்ததை முதலில் சொன்னது நான்தான்

மதிப்பிற்குரிய மச்சான் அன்செல்மோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் தியோஃபிலோ எழுதிக்கொள்வது. மாதாவின் அருளால் இங்கே எல்லோரும் சுகம். எந்தக் கடலில் இருந்தாலும் கப்பலும், அதன் எஞ்சின் அறையில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இரண்டு வெற்றிகளைச் சொல்லவே இந்தக் கடிதம். உங்கள் மகள் லிகாயா நர்ஸாக உறுதிமொழி எடுத்துவிட்டாள். உங்கள் காருக்கு வந்த நோயை, எல்லோரும் மறுத்தபோதும், நான் ஒருவனே சரியாகச் சொன்னேன்.

உறுதிமொழி விழாவுக்காக உங்கள் காரில் என் மனைவி ரொசெண்டாவையும் லிகாயாவையும் ஏற்றிக்கொண்டு பாகியோ மலையில் பாதி தூரம் போயிருப்போம். "மாமா, சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு" என்றாள் லிகாயா. "வண்டியும் ஏறுது, முள்ளும் ஏறுது, பேசாம வா" என்று ஓட்டினேன். அடுத்த வளைவில் முன்பக்கம் முழுக்க ஆவி, வண்டி நின்றுவிட்டது, ரொசெண்டா ஜெபமாலையை எடுத்துவிட்டாள், ஆனால் உங்கள் மகள் கலங்கவில்லை மச்சான், பன்றி ஏற்றி வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி, வெள்ளைச் சீருடையோடு டிரைவர் பக்கத்தில் ஏறி, பெயர் கூப்பிடும்போது மேடையில் நின்றிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிவிட்டார்களாம். அதனால் போட்டோவில் நம் பெண் மட்டும் தனியாக, எடுப்பாகத் தெரிகிறாள்.

காரை மெக்கானிக் டெல்ஃபினின் பட்டறைக்கு இழுத்துப் போனோம். "ரேடியேட்டர் மூடிதான் போச்சு. மாத்துனா பறக்கும்" என்று தண்ணீர் ஊற்றிக் கிளப்பினான். சர்ச்சில் பாட்டுக் குழு நடத்துகிறவன் நான். நாலு பேரில் ஒருவன் பாடாமல் வாயசைத்தால் எனக்குத் தெரியாதா? எஞ்சினில் ஒரு சிலிண்டர் வெறுமனே வாயசைத்தது. புகைக்குழாயில் தித்திப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் உலை கொதிப்பதுபோல் குமிழி, ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால்காபி நுரை!

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சுய்யா. எஞ்சினுக்கு மூடியா இருக்கற ஹெட்டுக்கு அடியில கேஸ்கெட் தகடு எரிஞ்சு, ஹெட்டும் வளைஞ்சிருக்கும்" என்றேன்.

"வாத்தியாரே, நீங்க பாட்டப் பாருங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்." பட்டறையே சிரித்தது.

"கழட்டுடா!" என்றேன்.

கழற்றினான். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட் கரியாகியிருந்தது. ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தான். வளைந்த இடத்தில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. "ஐயோ வாத்தியாரே, நீங்க சொன்ன மாதிரியே செத்துக் கெடக்கே!"

இரண்டு கையையும் தூக்கி, "செத்துடுச்சு! பாத்தீங்களா, செத்துடுச்சு!" என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். டெல்ஃபின் தன் கையாலேயே எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். எஞ்சினோடு ஆயுளைக் கழித்த உங்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

கடல் அமைதியாக இருக்கட்டும். இதைப் படித்தபின் நீங்களும்.

அன்புடன்,
தியோஃபிலோ

பின்குறிப்பு: அண்ணா, ரொசெண்டா எழுதறேன். அவர் குளிக்கப் போயிருக்கார். லிகாயா படம் போட்ட வாழ்த்து பேனரை, வண்டி முகப்புல காத்தே புகாத மாதிரி இழுத்துக் கட்டுனது இந்த மேதைதான். எஞ்சின் வெந்ததே அதனாலதான்னு டெல்ஃபின் சொல்றான். சூட்டுல உங்க பொண்ணு முகம் உருகிச் சுருங்கிப்போச்சு. கீழ 'வாழ்த்துவது: மாமா தியோஃபிலோ'ன்னு போட்டிருக்கறது மட்டும் பளிச்சுன்னு இருக்கு.