முப்பது கிலோவும் ஒரு பொய்யும்

தராசு முப்பத்திமூன்று காட்டியது. பிளேனில் விடுவது முப்பது.

"அம்மா, உந்தப் புளியை வெளியிலை எடுங்கோ," என்றான் சுதாகரன்.

"புளியை எடுத்தால் கட்டாரிலை என்னத்தைப் போட்டுக் குழம்பு வைப்பாய்? உன்ரை சேட்டிலை ரெண்டை எடு," என்றா பாலேஸ்வரி.

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, உரும்பிராய் வீட்டு முற்றத்து மாமரத்தில் தொங்கவிட்டு, அதில் சூட்கேஸைக் கொளுவியிருந்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு வான். விடியக் கட்டுநாயக்காவில் பிளேன். ஞாயிறு காலை வேலைக்கு நிற்காவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று போர்மன் இரண்டு தரம் மெசேஜ் போட்டுவிட்டார். ஒரு மாத லீவைப் பதினாறு நாளாக வெட்டியதும் அதே புண்ணியவான்தான்.

அந்தப் பதினாறிலும் முதல் ஆறு நாள் பார்சல் கொடுத்தே போய்விட்டது. ஒன்பது வருசமாகக் கட்டாரில் ஏசி பூட்டுகிறவன் ஊருக்குப் போகிறான் என்றால் அறையில் கிடக்கிற மற்ற ஏழு பேரும் சும்மா விடுவார்களா? வரும்போது பெட்டியில் அவனுடையது என்று இருந்தது ஒரு துவாய் மட்டுந்தான்.

ஆனால் மானிப்பாய்ப் பார்சலை மட்டும் அவன் குறை சொல்ல மாட்டான். அங்கே நடராசா என்பவரின் வீட்டுப் படலையைத் திறந்தது அவருடைய மகள் கஜந்தினி. "இதைக் குடுக்கவோ இவ்வளவு வெயிலுக்கை வந்தனீங்கள்? இருங்கோ, தண்ணி கொண்டுவாறன்," என்றாள். பார்சலைப் பார்க்காமல் அவனைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். முப்பத்தைந்து வயதில் சுதாகரனுக்கு நெஞ்சு பட்டபாடு கொஞ்சமல்ல. அம்மா ஆள் விட்டுப் பெண் கேட்டா. "பிள்ளை யோசிக்கிறாள். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுறம்," என்றார் நடராசா.

இன்றைக்குத்தான் வெள்ளி. போன் இன்னும் அடிக்கவில்லை.

"நல்ல சேதி வரும். பயணத்துக்கும் சேர்த்து ஒரு அருச்சனை செய்துகொண்டு வாறன்," என்று அம்மா கோயிலுக்குப் போனா. அந்தப் பக்கம் அவ போக, இந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வந்தா. மகன் றமேஸ் சுதாகரனுடைய அறையில்தான் இருக்கிறான்.

"மோனை, றமேசுக்கு ஒரு சின்னப் பார்சல்."

மூன்று கிலோ மிளகாய்த்தூள். எங்கள் ஊரில் சின்னப் பார்சல் என்றால் அதுதான் அளவு. பெத்த தாய்க்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? புளியும் நாலு சேட்டும் வெளியே வந்தன.

சின்னத்தங்கம் எழும்பவில்லை, அதற்குள் லூர்த்தம்மா ஓட்டோவில் வந்து இறங்கினா. மருமகன் அதே கம்பெனியில் வேலை. நாலு பேப்பர் சுற்றியும் கருவாடு தன்னை ஒளிக்கவில்லை.

"அன்ரி, பெட்டி நிரம்பிப்போச்சு."

"அங்கை உனக்கு யூனிபோம் தாறவங்கள்தானே? பிறகு உந்தச் சேட்டுகள் என்னத்துக்கு?" லூர்த்தம்மா தானே குந்தியிருந்து பெட்டியைத் திறந்து, உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டா. "காலிலை போடக் களுசான் ஒண்டு காணும் ராசா."

படலையில் இன்னொருவர் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள். சுதாகரனுக்கு விசர் ஏறியது.

"நான் போகேல்லை!" என்று கத்தினான். "வேலை போயிட்டுது. பயணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!"

"அந்தோனியாரே!" என்று லூர்த்தம்மா நெஞ்சில் கைவைத்தா. மிளகாய்த்தூளும் கருவாடும் வந்த வழியே திரும்பின. சைக்கிள்களும் திரும்பின. பத்து நிமிசம் அவனுக்கு நல்ல நிம்மதி.

பதினோராவது நிமிசம் ஊர் வரத் தொடங்கியது.

"மனம் தளராதை. கோழி வளக்கலாம்," என்றார் ஒருவர்.

"ஏசி தெரிஞ்சவனுக்கு ஐஸ் பக்ரறியிலை வேலை எடுக்கலாம்," என்றார் இன்னொருவர்.

முருங்கைக்காய்க்காரர் கட்டை அங்கேயே வைத்தார். "நீ சமைச்சுச் சாப்பிடு தம்பி, பாவம்." சின்னத்தங்கம் சோறும் கறியும் மூடிக் கொண்டு வந்தா. வேலை போன வீட்டில் அடுப்பு எரியாது என்று அவவுக்கு ஒரு எண்ணம்.

அம்மா அழுதுகொண்டு வந்தா. வழியில் மூன்று பேர் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டார்களாம். அவன் அவவைக் குசினிக்குள் இழுத்துப்போய் உண்மையைச் சொன்னான்.

"அட விசரா! பார்சலுக்குப் பயந்தோ வேலையைச் சாக்காட்டினனி? உது மானிப்பாய்க்குப் போனால் ஆரடா பொம்பிளை தருவினம்? கதை இப்ப கோண்டாவிலைத் தாண்டியிருக்கும்!"

நடராசாவின் போனை அடித்தால் ஒருவரும் எடுக்கவில்லை. சுதாகரன் சைக்கிளில் பாய்ந்து ஏறினான். 'மாமா, அது பொய், எனக்கு வேலை இருக்கு' என்று சொல்லிச் சொல்லி மிதித்தான். இணுவிலில் ஒரு மாடு குறுக்கே வந்தது, அதற்கும் சொன்னான். மானிப்பாயில் நடராசா வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது.

"தாயும் தேப்பனும் ஓட்டோ பிடிச்சு உரும்பிராய்க்கெல்லோ போயிட்டினம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"முகம் எப்பிடி இருந்தது?"

"நான் வடிவாப் பாக்கேல்லை."

திரும்பி வர நாலே முக்கால். மாமரத்தின் கீழ் இரண்டு கதிரையில் நடராசாவும் மனைவியும் இருந்தார்கள். அம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்றா. சுதாகரனுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, அது வந்து..."

"எல்லாம் கேள்விப்பட்டம் தம்பி," என்று நடராசா எழும்பி அவன் கையைப் பிடித்தார். "பெரிய சந்தோசம்."

"சந்தோசமோ?"

"வெளிநாட்டு மாப்பிளை வேண்டாமெண்டு பிள்ளை ஒரே பிடியாய் நிண்டவள். உங்களுக்கும் இண்டைக்கு மாட்டன் எண்டுதான் சொல்ல இருந்தவள். வேலை போய் ஊரோடை நிக்கிறியள் எண்டு கேள்விப்பட்ட உடனை ஓமெண்டிட்டாள்! உண்மையிலை போகேல்லைத்தானே?"

அம்மா வாயைத் திறந்தா. சுதாகரன் முந்திக்கொண்டான்.

"சத்தியமாப் போகேல்லை மாமா. ஒரு நிமிசம், கை கழுவிக்கொண்டு வாறன்."

கிணற்றடியில் நின்று போர்மனுக்கு 'நான் வரேல்லை' என்று எழுதினான். ஒன்பது வருசம் மொட்டை மாடியிலும் வெயிலிலும் உழைத்த வேலை அது. வீட்டுக் கூரை போட்டதும் அதில்தான். ஆனால் 'இருங்கோ, தண்ணி கொண்டுவாறன்' என்று சொல்ல ஒருத்தி இருக்கிறாளே. தினமும் அவள் கையால் தேத்தண்ணி, இரவில் அவளோடு கதை. அனுப்பினான். அரை நிமிசத்தில் பதில் வந்தது, ஒரு கட்டைவிரல் படம். வான்காரனுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு ஓடினான். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக அவன் ஓடியதில்லை.

"எப்ப மாமா கலியாணத்தை வைப்பம்?" வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

நடராசாவின் மனைவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.

"வாற மாதம் இருபதாந் திகதிக்கு முன்னம் முடிக்கவேணும் தம்பி. இருபத்திரண்டாந் திகதி பிள்ளை லண்டனுக்கு வேலைக்குப் போறாள், அஞ்சு வருசத்துக்கு. எங்களை வீட்டோடை நிண்டு பாக்க ஒரு மாப்பிளையைத்தானே அவள் இவ்வளவு நாளும் தேடினவள்!"