குழந்தைவேலுவின் அதிகப்படி எடை

மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த உத்தரவு எதையும் அந்தமான் அலட்சியம் செய்ததாகச் சரித்திரம் இல்லை. எழுபத்தொன்றில் வந்த உத்தரவு இது: ஐம்பது வயதைத் தாண்டிய சிப்பந்திகள், வேலையில் சேர்ந்த அன்றிருந்த எடையிலேயே இருக்கவேண்டும், கூடுதல் எடை சோம்பலின் அடையாளமாகக் கருதப்படும், அன்னார் வீட்டுக்கு அனுப்பப்படுவர்.

ஜங்லிகாட் அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் குழந்தைவேலு ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் அவருக்குக் காணியும் இல்லை, கூரையும் இல்லை. இந்த வேலை போனால் நடுத்தெருதான்.

மூட்டைத் தராசிலேயே ஆட்களையும் எடை போட்டார்கள். முதலில் ஹெட்கிளார்க் ஜம்புலிங்கம் ஏறினார். இருபது வருஷ நாற்காலி வாசத்தில் அவருடைய கைகால்கள் குச்சியாகி, தொப்பை மட்டும் செழித்திருந்தது. போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகிவிட்டதால் எடை அப்படியே இருந்தது. "என்றும் இளமை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி பக்தவத்சலம்.

அடுத்து குழந்தைவேலு. ஒன்பது கிலோ அதிகம்.

"சாஹிப், கப்பல்ல வழிநெடுக வாந்தி எடுத்துட்டு வந்து வேலைக்குச் சேந்தவன் நான். அப்புறம் மூட்டை தூக்கித் தூக்கி ஏறின சதை இது. தொட்டுப் பாருங்க, கல்லு!"

"சதையா கொழுப்பான்னு உத்தரவு கேக்கலைப்பா. தூக்கறதுனாலதான் உனக்கு இந்தக் கேடு. மூணு மாசம் தவணை தரேன், சும்மா உக்காரு."

நாற்காலி போட்டார்கள். குழந்தைவேலு உட்கார்ந்தார். கவலையில் சோறும் இறங்கவில்லை. தோள் சரிந்தது, தொடை சூம்பியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மறுபடி தராசில் ஏறியபோது அதிகப்படி முழுக்கப் போயிருந்தது. பக்தவத்சலம் கண்கலங்கிக் கைகுலுக்கினார். குழந்தைவேலு சந்தோஷத்தில் துள்ளப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை.

மறுவாரம் சாத்தம் கப்பல்துறையிலிருந்து லாரி வந்து, அரிசி மூட்டைகளைக் கிடங்கு வாசலில் தள்ளிவிட்டுப் போனது. குழந்தைவேலு ஒன்றைக் கட்டிப்பிடித்தார். மூட்டை அசையவில்லை.

"படா பாபு, ஒரு கை பிடிங்க," என்றார் ஜம்புலிங்கத்திடம்.

"நானா? தூக்கினா சதை போடும், எடை ஏறும், வேலை போகும். என் ஆரோக்கியத்தைக் கெடுக்கப் பாக்கறியா?"

அப்பழுக்கில்லாத தர்க்கம். பக்தவத்சலம் அப்போதே ஆணை பிறப்பித்தார்: சுமை தூக்குதல் தேகநலனுக்குக் கேடு, இத்தால் தடை செய்யப்படுகிறது. மழை பிடித்துக்கொண்டது.

கிடங்கு வாசலிலேயே ரேஷன் அரிசிக்கு ஒரு வரிசை காத்திருந்தது. அதில் முன்னால் நின்ற மரகதத்துக்கு, குழந்தைவேலுவின் மனைவிக்கு, அரிசி நனைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு மூட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அரே மரகதம், விடு! உடம்பு கெட்டுடும்!" என்று அலறினார் குழந்தைவேலு.

"அப்ப ராத்திரிக்கு ஆரோக்கியத்தையே பொங்கிப் போடவா?"

வரிசையில் நின்றவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண், இப்படியா உடம்பைப் பாழாக்கிக்கொள்வது! ஜவுளிக்கடை அப்துல் ஜப்பார் மெல்லத் தலையை நீட்டினார்.

"சாஹிப், வெளியாளுக்கும் எடை பாப்பீங்களா?"

அவ்வளவுதான். அரிசியை மழையில் விட்டுவிட்டு வரிசை மொத்தமும் தராசுக்கு முண்டியடித்தது. முதலில் ஏறியவர், 'என்றும் இளமை' ஜம்புலிங்கத்தைவிட நாலு கிலோ அதிகம் என்றதும் அழுதேவிட்டார். பாவம், கொத்தனார்.