மூன்றாவது திவான்

"ஆறு பேரு இருக்கோம் காக்கா. எங்கன உக்கார?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் நஸீஹா.

சதக்கத்துல்லா தன் புது வண்டிக்குள் தலையை விட்டு இன்னொரு தடவை எண்ணினார். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. ஓட்டுவது அவர். பக்கத்தில் மனைவி மலிகா. பிற குடும்பத்துப் பெண்களை ஏற்றிவர ஆம்பிளை மட்டும் போவது முறையில்லை என்று அவர்தான் கூட்டி வந்திருந்தார். மிச்சம் நாலு சீட்டு.

மகள் சஃபாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா செய்யது நபிசாவும், அவர் தங்கை நஸீஹாவும், இன்னும் நாலு பெண்களும் ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்கு வரவேண்டும். வேன் பிடித்து வருகிறோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். "நம்ம திவான் இருக்கயில வேன் எதுக்கு? எத்தன பேருனாலும் அள்ளிட்டு வந்துருவேன்" என்று போனில் அளந்தவர் இவர்.

பழக்கதோஷம். கார் என்றால் அவருக்குத் திவான் என்கிற மாடல்தான். துபாயில் சம்பாதித்து வாங்கிய முதல் திவானில் பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. பன்னிரண்டு பேரும் ஒரு மூட்டை அரிசியும் அதில் ஏர்வாடி போய்த் திரும்பியிருக்கிறார்கள். இரண்டாவது திவான் அதைவிடப் பெரிசு, எட்டுப் பேர். போன வாரம் வாங்கிய மூன்றாவது, ஒரு சின்ன வீடு அளவுக்கு இருந்தது; ஆறே பேர். வண்டி வளர வளர ஆள் குறைகிற விஷயத்தை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் கீழக்கரை வழக்கம். வரப்போகிற இஃப்திகார் ஏதோ பெரிய கம்பெனியில் இன்ஜினியர். அவருக்கு வாசலில் ஒரு நல்ல வண்டி நிற்க வேண்டாமா என்ற ஒரே நினைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சஃபாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் பேச்சோடு நின்றிருந்தது. இதுவும் நின்றால் மலிகா தாங்கமாட்டாள். அவரும்தான்.

"எங்கயாச்சும் இன்னும் ரெண்டு சீட்ட மறைச்சு வச்சிருப்பான்" என்று பின்பக்கம் இருந்த ஒரு பட்டனை அமுக்கினார்.

பின்சீட்டுகள் இரண்டும் பணிவாகக் குனிந்து தரையோடு படுத்துக்கொண்டன.

"என்னங்க, இருந்ததும் போச்சே!" என்றாள் மலிகா.

கால் மணி நேரம் போராடி அவற்றை எழுப்பினார். பின்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த தனித்தனி நாற்காலிகளில் செய்யது நபிசாவும் அவர் நாத்தனாரும். நாற்காலிகளுக்கு இடையே இருந்த சந்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நஸீஹா.

"மன்னிச்சுக்கங்க லாத்தா. நடு சீட்டப் பிடுங்கிட்டுப் பாதை விட்டிருக்கான் பாருங்க. இத வரைஞ்சவனுக்குக் குடும்பமே கெடையாது போல!" என்று அக்காவிடம் பேசுகிற பணிவில் சொன்னார் சதக்கத்துல்லா.

செய்யது நபிசாவின் முகம் சுருங்கியது. புழுக்கம் என்று நினைத்து ஏசியைக் கூட்டினார்.

திருப்புல்லாணி தாண்டியதும் ரோட்டோரம் ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்தது. சதக்கத்துல்லா பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி தானாகவே சடாரென்று நின்றது. ஸ்டூலோடு வழுக்கி வந்த நஸீஹா முன்னால் இருந்த தொடுதிரையில் முழங்கையை ஊன்ற, மேற்கூரை திறந்துகொண்டது. பதினொரு மணி வெயிலும் ரோட்டுப் புழுதியும் உள்ளே இறங்கின.

"மூடு!" என்று வண்டியைப் பார்த்துக் கத்தினார். அது இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டது.

"மூடுங்க!"

அதற்கும் மன்னிப்புத்தான்.

"கூரையில ஓட்டையப் போட்டவன், அத மூடுறதுக்கு ஒரு வழி வைக்க வேணாமா? புத்தி கெட்ட பய!"

செய்யது நபிசா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வெயில்தான் அவரைக் கோபப்படுத்திவிட்டது என்று சதக்கத்துல்லா பயந்துபோனார். சமாதானப்படுத்துவதற்காக ஊர் வரும்வரை அந்தப் பயலை இன்னும் பலமாகத் திட்டினார். அவனைப் பெற்றவர்கள் வளர்த்த லட்சணத்தையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுச் சந்தில் முதல் திவான் தாராளமாகப் போகும். இரண்டாவது, கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போகும். மூன்றாவது பாதிச் சந்தில் நின்று 'பீப் பீப்' என்று அலறியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இரண்டு பக்கமும் சுவர். எந்தக் கதவும் ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை.

சத்தம் கேட்டு, பட்டு உடுத்தித் தயாராக இருந்த சஃபா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அடுத்த சந்து வழியா சுத்தி வாம்மா!" என்று கதவிடுக்கில் கத்தினார். "பின்னால பம்பருக்குக் கீழ கால ஆட்டு, கதவு தொறக்கும்!"

சஃபா சுற்றிவந்து காலை ஆட்டினாள். பின்கதவு மேலே எழுந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்கு முதுகைக் காட்டியபடி ஒவ்வொருவராக ஊர்ந்து இறங்கினார்கள். கடைசியாக வந்த செய்யது நபிசாவை இடுப்பைப் பிடித்து இறக்கியதும் சஃபாதான்.

கூடத்தில் தொதல் அல்வாவும் சர்பத்தும் வைத்தார்கள். யாரும் தொடவில்லை.  அடுப்படிக் கதவருகே மலிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சதக்கத்துல்லா விடவில்லை. வாசல்படியில் நின்றபடியே கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"லாத்தா, எங்க மேல வருத்தப்படாதீங்க. எல்லாம் அந்த வண்டியப் பண்ணுனவனால. அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..."

"வாப்பா, போதும்!" என்றாள் சஃபா. "எத்தன சீட்டுன்னு எண்ணாம வாங்குனது நீங்க. யாரோ பெத்த பிள்ளைய எதுக்குத் திட்டுறீங்க?"

பெண் பார்க்கிற நேரத்தில் பெண் பேசிய பேச்சா இது! மலிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்யது நபிசா எழுந்தார். நேரே சஃபாவிடம் போனார். தட்டிலிருந்து ஒரு துண்டு தொதலை எடுத்து அவள் வாயில் ஊட்டி, நெற்றியில் முத்தமிட்டார். சம்பந்தம் முடிந்தது. எப்படி முடிந்தது என்றுதான் சதக்கத்துல்லாவுக்குப் புரியவில்லை.

நஸீஹா இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"கையில கெடைச்ச மாதிரிதான் காக்கா! அந்த வண்டிக்கு சீட்டும் கூரையும் வரைஞ்சது எங்க இஃப்திகார்தான். நிக்காஹ் முடிஞ்சா இங்கனதான இருக்கப் போறான், மிச்சத்த நேர்லயே திட்டிக்கிடுங்க."