வலது முனையின் வேகம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதிலுக்கு இங்கே எல்லாரும் சுகம் என்று ஒரு வரி எழுதவேண்டும். அந்த வரியை எழுதி எழுதி அடித்ததில் ஒரு தாள் வீணாகிவிட்டது. எனக்குச் சுகம். உன் அத்தானுக்குச் சுகம். என் பெண், உன் மருமகள், ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து உட்காருகிறாள், சாப்பிடுகிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இடது பாதம் மட்டும் மேலே தூக்க வரவில்லை. நடக்கும்போது அது வேறு யாருடைய செருப்போ போலத் தரையில் தேய்ந்துகொண்டு பின்னால் வருகிறது. அந்தப் பாதத்துக்கு உயிர் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். உன் அத்தான் போனில் "முதுகுல லேசா ஒரு பிடிப்பு, அவ்வளவுதான்" என்று உன்னிடம் சொன்னது எனக்குத் தெரியும். அதில் முதுகு என்ற ஒரு சொல்தான் உண்மை.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி விற்கும் வேகமானியைப் பற்றி, பயன்படுத்தியவர் கருத்து என்று போட்டுக்கொள்ள நாலு வரி வேண்டும் என்றாய். "ஒரு பிசிக்ஸ் லெக்சரர் சொன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குக்கா, சொந்தக்காரின்னு போட மாட்டேன்" என்றாய். எழுதித் தருகிறேன். அந்த வரிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் நீ படித்துத்தான் ஆகவேண்டும். அதை வலைத்தளத்தில் போடவேண்டாம்.

உனக்கு அவளுடைய பளுதூக்கல் கோச்சைத் தெரியாது. ஜிம்மில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இன்னும் ஒண்ணு'. எடைத் தட்டுகள் மாட்டிய ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பிள்ளை, கால் நடுங்கி, கண் செருகி, இனி முடியாது என்று ராடைத் தாங்கியில் வைக்கப் போகும் நேரத்தில், காதருகே குனிந்து "இன்னும் ஒண்ணு!" என்று கத்துவார். அதைச் செய்து முடித்தால் இன்னும் ஒண்ணு. வாசலில் காத்திருக்கும் எனக்கே சும்மா நின்ற இடத்தில் முழங்கால் வலிக்கும். இந்த மனிதர் என் பெண்ணை முறித்துவிடுவார் என்று உன்னிடம் புலம்பினேன். நீ உடனே வேகமானியை அனுப்பினாய். தீப்பெட்டி அளவுதான். அடியில் காந்தம், ராடின் நுனியில் ஒட்டினால் ஒவ்வொரு தூக்கலும் எத்தனை வேகமாக மேலே போனது என்று போனில் எண்ணாக வரும். உடம்பு களைத்தால் முதலில் வேகம்தான் குறையும், அதைத் தூக்குகிறவளே உணரும் முன் இது உணர்ந்துவிடும், நாம் வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு எரிந்து "வேகம் போதாது, நிறுத்துங்கள்" என்று ஒரு பெண் குரல் சொல்லும், யாரும் கத்தவும் வேண்டாம், யாரும் முறியவும் வேண்டாம் என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருப்பதை நான் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ சத்தியம் செய்தால்கூட இன்னொரு சாட்சி கேட்டவள்தானே நான்.

கல்லூரி லேபுக்கு எடுத்துப் போனேன். மேலிருந்து மெத்தையில் போட்டுப் பார்த்தேன், சரிவில் உருட்டிப் பார்த்தேன், ஊசலில் கட்டி ஆட்டிப் பார்த்தேன். விழுகிற பொருளின் வேகம் எனக்குத் தெரியும், அதற்கும் தெரிந்திருந்தது. கோளாறு சொல்லத்தான் போனேன், ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தால் உன் அத்தான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சோபாவிலிருந்து எழுந்தார். சிவப்பு எரிந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டார். "மெஷினே நிறுத்தச் சொல்லுது, நான் என்ன பண்ண? தண்ணிய நீயே எடுத்துட்டு வந்துடேன்" என்றார். பிறகு நான் பேப்பர் திருத்தும்போது என் மணிக்கட்டில் ஒட்டிவிட்டு, "ஸ்லோ ஆயிட்டம்மா நீ. பிள்ளைங்க பாவம், ரிசல்ட் லேட்டாத்தான் வரும்" என்றார். வீடு சிரித்தது. உன் மருமகள் சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்து, இரண்டு காலையும் உதைத்துக்கொண்டாள். இரண்டு காலையும்.

கோச் முதலில் மசியவில்லை. "முப்பது வருஷமா நான் கண்ணால பாக்கறேன். இந்தத் தீப்பெட்டி எனக்குப் பாடம் எடுக்குமா?" என்றார். "எடுக்காது சார். ஆனா இது கத்தாது சார்" என்றாள் உன் மருமகள். ஜிம்மே அடக்கமுடியாமல் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார், அங்கேதான் விழுந்தார். எண் என்பது ஒரு போதை, தம்பி. முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு போனைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. எண்களைச் சுவர்ப் பலகையில் எழுதினார். எண் விழுந்தால் "போதும், போய்ப் படு" என்றார், எண் ஏறினால் தட்டைக் கூட்டினார். 'இன்னும் ஒண்ணு' என்ற சொல்லே அந்தக் கட்டடத்தை விட்டுப் போயிற்று. அப்படி ஓர் அமைதி. வாசலில் நின்று அந்த அமைதியைக் கேட்டு மனதுக்குள் உனக்கு நன்றி சொன்னேன். உரக்கச் சொல்லியிருந்தால் இப்போது திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டி வந்திருக்கும்.

இனி பிளக்கைப் பற்றி. அந்த ஜிம்மில் ராடு தாங்கிக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக், வலது சுவரில். உங்கள் வேகமானியின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஓய்விலும் அதைக் கழற்றி அங்கே சார்ஜில் செருகுவார்கள், ஓய்வு முடிந்ததும் எடுத்து, கைக்கு எட்டும் நுனியில் ஒட்டுவார்கள். எட்டுவது வலது நுனி. எப்போதும் வலது நுனி. அதே நேரத்தில் அணியில் அவளுடைய எடைப் பிரிவில் ஓர் இடத்துக்கு இரண்டு பெண்கள் நின்றார்கள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எண் சொல்லும்" என்றார் கோச். எண்ணை உயர்த்த உடம்பு வழி கண்டுபிடித்தது. வலது பக்கத்தை ஒரு மயிரிழை முந்தவிட்டால் வலது நுனி வேகமாக மேலே போகும். இடது பக்கம் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும். நடுவில் முதுகெலும்பு, பிழிகிற துணி மாதிரி. அவள் ஏமாற்றவில்லை. அவளுக்கே அது தெரியாது. எதை அளந்தார்களோ அதை உடம்பு கொடுத்தது. என் மாணவர்களும் அதைத்தான் செய்கிறார்கள், நல்ல மார்க்கும் வாங்குகிறார்கள்.

எண் வாரத்துக்கு வாரம் ஏறியது. உன் அத்தான் அவள் ராடோடு நிமிர்ந்து நிற்கும் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டினார். மாட்டிய நாளிலிருந்து அது கோணலாகத் தெரிந்தது. தினமும் நேராக்குவார். சட்டத்தை நேராக்கினால் பெண் சாய்ந்து தெரிவாள். பெண்ணை நேராக்கினால் சட்டம் சாயும். "போட்டோ எடுத்தவன் சரியில்ல. கேமராவக் கோணலாப் பிடிச்சிருக்கான்" என்றார். "ஆணி சரியில்லை" என்றேன் நான். ஆணியைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்தோம். கடைசியில் சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து, அவள் நேராக நிற்கும்படி வைத்துவிட்டு, இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டோம். இதைச் சொல்லும்போது உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். வெளியாளாக இருந்தால் நானும் சிரிப்பேன்.

அணித் தேர்வு நாளன்று நாங்கள் இருவரும் போயிருந்தோம். இன்னொரு பெண் முடித்துவிட்டாள், நல்ல எண். உன் மருமகள் ராடுக்கு அடியில் போனாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். எழுந்தபோது முகம் ஒரு நொடி யோசிப்பது போல இருந்தது. போன் பச்சையாக எரிந்து, கைதட்டல் ஒலி எழுப்பி, "சபாஷ்! இதுவரை உங்கள் சிறந்த வேகம்!" என்றது. அந்தக் கைதட்டல் முடியும் முன் இடது கால் மடிந்தது. ராடு பக்கத் தாங்கியில் விழுந்தது, அவள் தரையில் விழுந்தாள். கோச்சின் கண் அப்போதும் போனில்தான் இருந்தது. நல்ல எண் பார்த்த சிரிப்பு இன்னும் முகத்தை விட்டு இறங்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். "மா, கால் எங்க இருக்குன்னே தெரியலமா" என்றாள். கால் அங்கேதான் இருந்தது. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதுகில் ஒரு வட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை நசுக்கியிருந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, "எவ்வளவு நாளா இப்படிக் கோணலாத் தூக்கறா? யாரும் பாக்கலயா?" என்றார். உன் அத்தான், பாவம், "ஸ்பீடெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு டாக்டர்" என்றார். வெளியே நடையில் உட்கார்ந்திருந்தபோது, வேகமானியை என் பெயரில் பதிந்திருந்ததால், என் போனில் உங்கள் கம்பெனிச் செய்தி வந்தது: 'இன்று உங்கள் பயிற்சி பாதியில் நின்றுவிட்டது. சோம்பல் வேண்டாம்! எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' இது தானாக வருவது, நீ அனுப்பியதில்லை என்று தெரியும். தானாக வருவதற்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரி எழுதியிருப்பாரே என்றுதான் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் கோச். அவருக்குக் குரலே இல்லை. "கத்திட்டிருந்த காலத்துல அவளப் பாத்துட்டு இருந்தேன் மேடம். இது வந்தப்புறம் போனப் பாத்துட்டு இருந்தேன்" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பிறகு நீ பேசினாய். வலது நுனியிலேயே ஒட்டிவந்ததை மட்டும் உன்னிடம் சொன்னேன். "மேனுவல்லயே போட்டிருக்கேக்கா, அப்பப்போ பக்கம் மாத்தி ஒட்டணும்னு" என்றாய். போட்டிருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். வீட்டிலேயே அதைப் படித்த ஒரே ஆள் நான். கோச்சிடம் சொன்னேன். அவர், "இடது பக்கம் சார்ஜர் ஒயர் எட்டாது மேடம். ஒவ்வொரு தடவையும் யாரு சுத்திப் போய் ஒட்டறது?" என்றார். சரிதான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எக்ஸ்டென்ஷன் ஒயர் என்று ஒன்று உலகத்தில் உண்டு. எங்கள் வீட்டிலேயே ஒன்று, அலமாரி மேல், தூசி படிந்து கிடக்கிறது.

நீ கேட்ட நாலு வரி இதோ: 'இக்கருவியை நான் பல முறைகளில் சோதித்தேன். அது பொய் சொல்வதில்லை. ராடின் வலது முனை எத்தனை வேகமாக மேலே போகிறது என்பதை மிகத் துல்லியமாகச் சொல்கிறது. ராடுக்கு இன்னொரு முனை உண்டு, நடுவில் ஒரு ஆள் உண்டு.' கடைசி வரியை வெட்டாமல் போடுவதாக இருந்தால் போடு.

இப்போது வீட்டு நடப்பு: மத்தியானம் கோச் வருகிறார். கட்டில் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனைப் பையோடு வாசலிலேயே வைத்துவிட்டு, அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் "பாதத்த மேல தூக்கு" என்பாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகம் சிவக்கத் தூக்குவாள். பாதம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கோச் மெல்ல, கோயிலில் பேசுவது போல, "இன்னும் ஒண்ணு" என்பார். முதல் ஒன்றே வராத காலிடம் இன்னும் ஒன்று கேட்கிறார். முதல் நாள் எனக்கு எழுந்த கோபத்தில் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். உன் மருமகள் "சார், கத்தி சொல்லுங்க சார். கேக்கல" என்றாள். அவருக்குக் கத்த வரவில்லை.

எனவே வேகமானியை இந்தக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். யார் மேலும் குற்றம் சொல்லி அனுப்பவில்லை. இந்த வீட்டில் இனி எதையும் எண்ணால் அளக்கப் போவதில்லை, அளந்ததெல்லாம் போதும். தயவுசெய்து வேறு மாடல், புது மாடல் என்று எதையும் அவளுக்கு அனுப்பாதே. போனில் பேசினால் வேகம், எடை, தேர்வு எதையும் எடுக்காதே. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் ஓடி விளையாடும்போது அதட்டாதே, ஓடட்டும். எல்லாருக்கும் எங்கள் இருவரின் ஆசிகள்.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா

பி.கு.: பார்சல் கட்டலாம் என்று வேகமானியின் டப்பாவைத் திறந்தேன். காலி. உள்ளே போய்ப் பார்த்தால், உன் மருமகள் அதைத் தலைமுடி ரப்பரால் இடது பாதத்தில் கட்டிவைத்திருக்கிறாள். போன் நெஞ்சின் மேல் இருக்கிறது. "கோவிக்காதம்மா. ஒரு தடவை பாரு" என்றாள். பாதத்தைப் பார்த்தேன். அசையவில்லை. போனைப் பார்த்தேன். பூஜ்யம் இல்லை. புள்ளிக்குப் பின்னால், கடைசி இடத்தில் ஒரு இரண்டு. கட்டில் ஆடியிருக்கும் என்றேன். கழற்றிக் கட்டிலின் மேல் வைத்தேன்: பூஜ்யம். மேஜை மேல் வைத்தேன்: பூஜ்யம். உன் அத்தானை மூச்சுவிடாமல் நிற்கச் சொல்லி, தொடையை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி கட்டித் தூக்கச் சொன்னேன். அதே இரண்டு. ஜிம்மில் வைத்த அளவை யாரும் மாற்றவில்லை போலிருக்கிறது. சிவப்பு எரிந்து, "வேகம் போதாது, நிறுத்துங்கள்" என்றது. ஆகையால் பார்சல் இப்போதைக்கு வராது. "இன்னும் ஒண்ணு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது. கோச் வரும் நேரம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். கத்தியது நான்தான்.